தானாகச் சரியானது

என் வீட்டுக்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், போகப் போகத் தணிந்துவிடும்.

சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இரண்டு பேருமே வேலை பார்க்கிறோம். நான் காலர் தைக்கிறேன். சூப்பர்வைசர் அடிக்கடி என் காலரைத் தூக்கிக் காட்டி மற்றவர்களைத் திட்டுவார். துணி நல்ல துணி, அதனால் ஒழுங்காக மடிகிறது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் மெக்கானிக். அறுபது தையல் மெஷினுக்கு அவர் ஒரே ஆள். எது மக்கர் பண்ணினாலும் வந்து குனிந்து, காதை வைத்துக் கேட்டு, எங்கேயோ ஒரு திருகைக் கால் சுற்று திருப்புவார். மெஷின் ஓடும். யாராவது நன்றி சொல்லிவிட்டால் போதும், திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி முழிப்பார். "நான் ஒண்ணும் பண்ணலம்மா. சும்மா தொட்டேன். அது தானா சரியாயிடுச்சு" என்பார். அதனால் கம்பெனியில் அவருக்கு 'சும்மா அண்ணன்' என்று பெயர்.

இந்த வியாதி சின்ன வயதில் வந்தது. பத்து வயதில், வீட்டில் நின்றுபோன சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து ஓட வைத்திருக்கிறார். அவருடைய அப்பா பார்த்துவிட்டு, "யாரு, இவனா? இவனுக்குச் சட்டைப் பட்டனையே நேரா போடத் தெரியாது. அது தானா ஓடியிருக்கும்" என்றாராம். மாமனார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, கடிகாரமும் போய்விட்டது. அந்தப் பேச்சு மட்டும் இன்னும் எங்கள் வீட்டிலேயே குடியிருக்கிறது. என்னைப் பெண் கேட்டு வந்த அன்றுகூட என் அப்பாவிடம், "இன்னும் நாலு இடம் பாருங்க சார், நல்ல பையனா கிடைப்பான்" என்று சொன்ன மனுஷன் இவர். அப்பா அதை அடக்கம் என்று நினைத்து அங்கேயே சம்மதித்துவிட்டார்.

கம்பெனியில் ரிப்பேர் நோட்டு ஒன்று உண்டு. எந்த மெஷின், என்ன கோளாறு, சரிசெய்தது யார் என்று மூன்று கட்டம். அந்த மூன்றாவது கட்டத்தில் பதினோரு வருஷமாக இவர் எழுதிவந்தது ஒரே வரிதான்: 'தானாகச் சரியானது'. யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. புது மேனேஜர் வந்தார், வந்த மூன்றாம் நாளே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டார். நல்ல மனிதர்தான், என்ன, காகிதத்தில் இருப்பதையெல்லாம் அப்படியே நம்புகிறவர். இவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பதினோரு வருஷத்துல நீங்க ஒரு மெஷினைக்கூட ரிப்பேர் பண்ணல போலிருக்கே? எல்லாம் தானாவே சரியாகியிருக்கு."

"ஆமா சார்."

"அப்போ நமக்கு மெக்கானிக் எதுக்கு?"

வாய் இருக்கிற எவனும் இந்த இடத்தில் நாலு வார்த்தை பேசுவான். இவர் நன்றாக யோசித்துவிட்டு, "நீங்க கேக்கறது நியாயம்தான் சார்" என்று சொல்லியிருக்கிறார்.

கடைசியில் ஒரு வாரம் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. திங்கள் முதல் வெள்ளி வரை இவர் எந்த மெஷினையும் தொடக் கூடாது, வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மெஷின்கள் தாமாகவே சரியாகிவிட்டால் வெள்ளிக்கிழமையோடு இவருக்கு வேலை இல்லை.

வீட்டுக்கு வந்து இதைச் சாவகாசமாகச் சொன்னார்.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"அவர் மேல தப்பு இல்லையேம்மா. எழுதினது நான்தானே."

"அது மட்டும் நீங்கதான், இல்ல? வேலை போச்சுன்னா இந்த ஐம்பது வயசுல இன்னொரு கம்பெனியில என்னன்னு கேப்பீங்க? 'நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், சேத்துக்கங்க'ன்னா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படிக் கேட்டா தரமாட்டாங்க" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் உள்ளூர எனக்கு ஒரு தைரியம் இருந்தது. இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலே போதும், புதன்கிழமைக்குள் பத்து மெஷினாவது படுத்துவிடும், மேனேஜர் தானே ஓடி வருவார் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு மெஷின் நின்றது. மேனேஜர் வந்து குறித்துக்கொண்டு போனார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இரண்டும் ஜம்மென்று ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை மூன்று நின்றது. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அந்த மூன்றும் ஓடியது. மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம். எனக்குச் சந்தேகம் தட்டியது. புதன்கிழமை சாப்பாட்டு டப்பாவைத் திறந்தது திறந்தபடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஆளில்லாத ஹாலில் ஒரு மெஷினுக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த கால்தான்.

"அடப்பாவி மனுஷா! என்ன பண்றீங்க?"

"சும்மா..."

"அந்த வார்த்தையைச் சொன்னீங்க, நடக்கறதே வேற!"

"இது காலையிலேர்ந்து கத்துதும்மா. காதுல விழுந்துக்கிட்டே இருக்கு, எப்படி உக்கார்றது? இதுல தைக்கற பொண்ணு வேற பாவம், சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்குது."

தனக்குத் தானே குழி தோண்டுகிற ஆளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நேர்த்தியாகத் தோண்டுகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வருகிறது என்று அவரிடம் சொன்னேன். பயத்தில்தான் வந்தது.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரம் முழுக்க அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "இந்த வயசுல என்னக்கா இதெல்லாம்?" என்று பக்கத்து மெஷின்காரி கண்ணடித்தாள். கம்பெனியே சிரித்தது, சிரிக்கட்டும். ஆனால் அன்றைக்கென்று பார்த்து ஒரு மெஷின்கூட நிற்கவில்லை. அவ்வளவு நன்றாகச் சரிபண்ணி வைத்திருந்தார், பாவி மனுஷன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என் மெஷினே படுத்தது. ஊசி இறங்குகிறது, தையல் விழவில்லை. மேனேஜர் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எவ்வளவு நேரத்துல சரியாகுதுன்னு பார்ப்போம்" என்றார். முப்பது பேர் சுற்றி நின்று ஒரு தையல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது பாட்டுக்கு இருந்தது. என் வீட்டுக்காரர் நாற்காலியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபது நிமிஷம் போனதும் மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது.

"சும்மா தொட்டாலே போதுமாமே, நானே தொட்டுப் பார்க்கறேன்" என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மேலே நூலை இறுக்குகிற திருகில் வைத்து அழுத்தினார்.

"தொடாதீங்க!"

கத்தியது யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நாற்காலி குப்புற விழுந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அந்தத் திருகை விடுங்க சார்! அது நான் வச்ச அளவு. இவ கைக்குன்னு ஆறு மாசம் பார்த்துப் பார்த்து வச்சிருக்கேன். கோளாறு அங்க இல்ல, கீழ நூலைப் பிடிக்கற கொக்கில இருக்கு. ஊசி வர்ற நேரத்துக்கு அது வரல. இந்த ஹால்ல எந்த மெஷினுக்கு என்ன வலின்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது!" தான் சொன்னதைக் கேட்டுத் தானே பயந்துபோய், "சார்" என்று இன்னொரு தடவை சேர்த்துக்கொண்டார்.

மேனேஜர் ஸ்க்ரூடிரைவரை அவர் கையில் கொடுத்தார். ஏழே நிமிஷம். தையல் வரிசையாக விழுந்தது. மேனேஜர் குனிந்து அந்தத் தையலைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"அப்போ இந்த வாரம் சாப்பாட்டு நேரத்துல சரியானதெல்லாம்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன்.

"நான்தான் சார்" என்றார். குரலே எழும்பவில்லை, ஆனாலும் முப்பது பேருக்கும் கேட்டது.

நோட்டைக் கொண்டுவரச் சொன்னார் மேனேஜர். மூன்றாவது கட்டத்துக்கு மேலே பேனாவைப் பிடித்துக்கொண்டு இவர் வெகுநேரம் நின்றார். கடைசியில் 'நான்' என்று எழுதினார்.

நோட்டைக் கொண்டுவந்த கிளார்க் எட்டிப் பார்த்து, "நான்னா யாருண்ணே? பேரை எழுதுங்க" என்றார்.

"விடுங்க, இருக்கட்டும். இதுக்கே பதினோரு வருஷம் ஆகியிருக்கு" என்றார் மேனேஜர். "திங்கட்கிழமையிலேர்ந்து அந்த நாற்காலி வேண்டாம், எடுத்துடுங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் இவர் மூன்றாவது தடவையாகச் சோறு கேட்டு வாங்கிக்கொண்டு, "இன்னைக்குச் சாப்பாடு பிரமாதம்மா" என்றார்.

"காய் நல்ல காய், அதான்" என்றேன்.

சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "காய் தானா நறுக்கிக்கிட்டு, தானா வெந்துச்சா?"

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"இருபது வருஷமா காலர் தைக்கறே. எந்தத் துணியாவது தானா மடிஞ்சு பார்த்திருக்கியா?"

கரண்டியை எடுத்து அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டேன்.

"நான்தான் சமைச்சேன். சாப்பிடுங்க" என்றேன். சொல்லும்போது எனக்கு ஒரே கூச்சமாக இருந்தது.