தாம்பூலப் பையில் ஜாக்கி

புது மாடல் வண்டி டிரெய்லரில் வந்து இறங்கிய காலையில், அதை முதலில் அடையாளம் கண்டவர் எங்கள் ஷோரூம் வாட்ச்மேன். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வெள்ளைத் துணியால் மூடிக் கயிறு கட்டித்தான் அனுப்பியிருந்தார்கள். நடுவில் கதவுகள் மட்டும் தெரிந்தன. அவர் கதவைப் பார்த்தார், சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார், மறுபடியும் கதவைப் பார்த்தார்.

"ஏனுங் சார், எதிர்க்கடை வண்டியக் கொண்டாந்து நம்ம கடையில எறக்குறானுங்க. டிரைவர்கிட்டச் சொல்லிப்போடட்டுங்களா?"

"அது நம்ம வண்டிங்கண்ணா. புதுசு."

"ஓஹோ" என்றார். எங்கள் கம்பெனியின் மொத்த எதிர்காலமும் அந்த ஓஹோவில் இருந்தது. எனக்குத்தான் எதுவும் முதல் தடவையில் புரிந்ததில்லை.

அவினாசி சாலையில் எங்கள் ஷோரூம். வெளிநாட்டுப் பேர், உயரமான கண்ணாடி, உள்ளே நுழைந்தால் குளிரும். அந்தக் குளிரில் பத்துப் பன்னிரண்டு வருடம் டை கட்டி நின்று கார் விற்றேன். சொந்தமாக எனக்கு இருந்தது ஸ்கூட்டர். மழை நாளில் நனைந்துகொண்டு போய், "மழையில பிரேக் எப்படிப் பிடிக்கும் தெரியுங்களா?" என்று வாடிக்கையாளருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். தலையைத் துவட்டத் துண்டு கொடுத்து அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல ஊர் எங்கள் ஊர்.

படிப்பிலோ ஆங்கிலத்திலோ நான் கெட்டி இல்லை. கம்பெனி என்னை வைத்திருந்ததற்கு ஒரே காரணம், நான் சொன்னால் வண்டி எடுக்கும் குடும்பங்கள் கொஞ்சம் இருந்தன. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒழுங்காக ஒரு வண்டி விற்றால் போதும். பங்காளி, சம்பந்தி, மச்சாண்டார் என்று ஒவ்வொருவராக அதே மேஜைக்கு வந்து உட்காருவார்கள். வண்டியை அப்புறம்தான் பார்ப்பார்கள். என் சொல்தான் எனக்குச் சோறு. அது போனால் வேறு கைத்தொழில் எதுவும் எனக்குத் தெரியாது.

புது வண்டிக்காக ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் படம் போட்டு விளக்கினார். எங்கள் கம்பெனியும் எதிர்க்கடைக் கம்பெனியும் செலவை மிச்சம் பிடிக்கக் கைகோத்திருக்கின்றன. அடிச்சட்டம், இன்ஜின், கியர்பாக்ஸ், கதவு, கண்ணாடி எல்லாம் எதிர்க்கடைக்காரர்களின் ஃபாக்டரியில் தயாராகும். வரிசையின் கடைசியில் சில வண்டிகளை ஓரங்கட்டி, எங்கள் மூக்கையும் எங்கள் பேரையும் ஒட்டி எங்களுக்கு அனுப்புவார்கள். இதன் பெயர் பிளாட்ஃபார்ம் பகிர்வு.

இது எனக்குப் புதிதல்ல. தீபாவளிக்கு எங்கள் அப்பா ஒரே பீஸ் துணியில் அண்ணனுக்கும் எனக்கும் சட்டை தைத்து, மிச்சத்தில் தலையணை உறையும் தைத்துவிடுவார். அண்ணனோடு பிளாட்ஃபார்ம் பகிர்ந்தவன் நான். என்னோடு பகிர்ந்தது தலையணை.

"ஒரே வண்டி என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது" என்றார் பயிற்சியாளர். என்னென்ன சொல்லலாம் என்று ஒரு தாள் கொடுத்தார். சஸ்பென்ஷன் நம்முடைய டியூனிங், ஓட்டும் உணர்வு வேறு, இதில் இருப்பது நம் டி.என்.ஏ. இப்படி ஏழெட்டு வாக்கியம்.

நான் கை தூக்கினேன். "சார், வாட்ச்மேனுக்கு யாருங்க பயிற்சி குடுக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் என் பெயரைக் குறித்துக்கொண்டார்.

மேலாளர் அன்றைக்கு மாலையே என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். இந்த வண்டி ஓடினால் கடை இருக்கும், இல்லாவிட்டால் இழுத்து மூடுவார்கள் என்றார். "உங்க காங்கேயம் ஆளுங்களைக் கூப்பிடுங்க. தமாஷ் பண்ணாமக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். முதலில் வந்தது ஓர் அக்கா. காங்கேயத்தில் கொப்பரை வாங்கித் தேங்காயெண்ணெய் ஆட்டும் மில் அவருடையது. கணவர் இறந்த பிறகு தானே எடுத்து நடத்தி, மில்லை இரண்டு மடங்காக்கியவர். என்னிடம் ஏற்கெனவே இரண்டு வண்டி எடுத்திருந்தார். வந்தால் காரைப் பார்க்க மாட்டார். என் எதிரில் உட்கார்ந்து, "எத எடுக்கட்டும் கண்ணு?" என்று கேட்பார். நான் சொல்வேன். கையெழுத்துப் போடுவார். மகள் கல்யாணத்துக்கு என் வீடு தேடி வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துவிட்டுப் போனவர்.

அன்றைக்கு அதிசயமாக வண்டியைப் பார்த்தார். ஒரு சுற்று சுற்றி வந்தார். கொப்பரையைத் தட்டிப் பார்ப்பது போலக் கதவை விரல் முட்டியால் தட்டினார். பிறகு கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, அக்கட்டால கடையில ஒண்ணு நிக்குதே, அதும் இதும் ஒண்ணா?"

மேலாளர் தன் அறையிலிருந்து எழுந்து நிற்பது தெரிந்தது. ஒண்ணுதானுங்கக்கா என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சொன்னால் சாலையைத் தாண்டிப் போய்விடுவார் என்று நினைத்தேன். எதிர்க்கடைக்குக் காங்கேயத்திலேயே சர்வீஸ் சென்டர் உண்டு. எங்களுக்கு அவர் கோயம்புத்தூர் வர வேண்டும். அதே வண்டிக்காக இவ்வளவு தூரம் யார் வருவார்கள்?

"இல்லீங்கக்கா. அது வேற, இது வேறங்க. சஸ்பென்ஷன் நம்மாளுங்க தனியாச் செஞ்சதுங்க. டி.என்.ஏ.வே வேறங்க."

"டி.என்.ஏ.வா? அது எங்க பெரியப்பன் ஊட்டுச் சொத்துக் கேசுலயல்ல கேட்டாங்க. வண்டிக்குமா பாக்கறாங்க?"

"நான் சொல்றனுங்கக்கா. நம்பி எடுங்க."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டை கோணலாக இருக்கிறதோ என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"செரி கண்ணு. நீ சொன்னாச் செரி."

மேலாளர் உட்கார்ந்தார்.

டெலிவரி நாள் காலையில் வண்டியைத் துடைத்து நிறுத்தி, வழக்கம்போல டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஸ்டெப்னி டயரின் பக்கத்தில் ஜாக்கியும் ஸ்பேனரும் வைத்த கறுப்புத் துணிப்பை. அதன் மேல் எதிர்க்கடைக் கம்பெனியின் முத்திரை, உள்ளங்கை அகலத்துக்கு. மூக்கை மாற்றியவர்கள், சக்கரத்து மூடியை மாற்றியவர்கள், பையை மறந்துவிட்டார்கள்.

அக்கா வர அரை மணி நேரம்கூட இல்லை. என் மூளை அவசரத்தில் அபாரமாக வேலை செய்யும், அதுதான் அதன் குறை. ஓடிப்போய் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். முந்தின வாரம் சூலூரில் ஒரு கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை இருந்தது. தேங்காயைச் சட்னி அரைத்துவிட்டோம், பை மிச்சம். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து: மணமக்களை வாழ்த்த வந்த அன்பு உள்ளங்களுக்கு நன்றி. ஜாக்கியை அதில் போட்டு, காதை முடிச்சுப் போட்டு, பழைய இடத்தில் வைத்தேன். கறுப்புப் பையைச் சுருட்டி என் டிபன் பைக்குள் திணித்தேன். கெட்டிக்காரன்டா என்று என்னையே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தெர்மாகோல் சாவியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். அக்கா வண்டியை நேரே குலதெய்வம் கோயிலுக்கு விடச் சொன்னார். நான் கையசைத்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. முதல் மாதம் ஆடி என்று நினைத்தேன். அடுத்து மழை இல்லை, அதனால் என்று நினைத்தேன். அப்புறம் மழையும் பெய்தது. போன் போட்டால் எல்லாரும் மரியாதையாகவே பேசினார்கள். "பாக்கலாமுங்க." "சொல்றமுங்க." எங்கள் ஊரில் ஒரு மனுசனை ஒதுக்கினால் அவனுக்கு மட்டும்தான் அது தெரியும். பக்கத்தில் நிற்பவர் விருந்துக்கு அழைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு நாள் அக்காவின் சின்ன மகனுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது. வாட்ஸாப்பில். கீழே கைகூப்பிய பொம்மை ஒன்று. அதை இரண்டு தடவை திறந்து பார்த்தேன். கல்யாணம் என்றால் பையனுக்கு ஒரு வண்டி எடுப்பார்கள். மேலாளரும் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். வார விடுமுறை அன்று சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன்.

மில் முற்றத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. நான் விற்ற வண்டி கொட்டகை நிழலில் நின்றது, நன்றாகவே வைத்திருந்தார்கள். அக்கா எழுந்து வந்தார்.

"வாங்க சார். உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா?"

சார். நான் கண்ணுவாக இருந்த நாற்காலியில் யாரோ ஒரு சாரை உட்காரவைத்திருந்தார்கள். மோர் வந்தது. நான் சின்னவர் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் என் பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேட்டார். அப்புறம், டம்ளர் எடுக்க வந்த டிரைவரைப் பார்த்து அவரே ஆரம்பித்தார்.

"இவன்தானுங்க சார் கண்டுபுடிச்சது. எடுத்து மூணாம் நாளே பல்லடத்துக்கிட்டப் பஞ்சர். டிக்கியத் தொறந்துபோட்டு வந்து என்ன சொன்னான் தெரியுங்களா? அம்மா, நம்ம ஜாக்கிக்குக் கல்யாணம் ஆயிருக்குதுங்க, அப்படின்னான்."

டிரைவர் சிரித்தார். கொப்பரை அள்ளிய பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்குதான். நான் சொல்லியிருந்தால் இன்னும் பெருமையாக இருந்திருக்கும்.

"பைய மாத்திப்போட்டீங்க செரி. ஜாக்கி இரும்புலயே முத்திரை அச்சடிச்சிருக்குதே, அதுக்கு என்னங்க பண்றது?"

அதை நான் பார்க்கவே இல்லை.

"அக்கா, தப்புப் பண்ணிப்போட்டனுங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்க. கம்பெனியில சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

"ஒண்ணுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றார் அக்கா. முற்றத்தின் ஓரத்தில் நின்ற டேங்கர் லாரியைக் காட்டினார். "இந்த மில்லு எண்ணெய் நாலு கம்பெனிக்குப் போகுதுங்க சார். ஒருத்தன் மஞ்ச மூடி போடறான், ஒருத்தன் பச்ச மூடி போடறான். மஞ்ச மூடி வாங்குற பொம்பளைக்குப் பச்ச மூடியக் கண்டா ஆகாது. நான் சிரிச்சுக்குவேன். ஆனா எவளாச்சும் இங்கயே வந்து, ஏனுங்க ரெண்டும் ஒண்ணான்னு என் மூஞ்சியப் பாத்துக் கேட்டாளுன்னு வைங்க, ஒண்ணுதான் அம்மணின்னு சொல்லிப்போடுவேன். அன்னைக்கு நானும் அதத்தானே உங்ககிட்டக் கேட்டேன்?"

தாளில் இருந்த ஏழெட்டு வாக்கியங்களில் இதற்கு ஒன்றும் இல்லை.

"ஒண்ணுன்னே சொல்லியிருந்தாலும் உங்ககிட்டத்தானுங்க எடுத்திருப்பேன். உங்களத் தெரியும்னுதானே அத்தன தூரம் வந்தது."

வந்த காரியம் ஒன்று இருந்ததே, வெட்கம் கெட்டுப்போய் அதையும் கேட்டேன். "சின்னவருக்கு வண்டி ஏதாச்சும் பாக்கறீங்களாக்கா?"

"எடுத்தாச்சுங்க சார். எதுத்தாப்புலக் கடையில. இதே வண்டிதான்" என்றார். "வண்டி நல்ல வண்டிங்க. அது மேல எனக்கு என்னங்க கோவம்?"

கிளம்பும்போது ஒரு கேன் எண்ணெய் கொடுத்து, பஸ் நிறுத்தம் வரைக்கும் டிரைவரோடு அனுப்பிவைத்தார், அந்த வண்டியிலேயே. முன் சீட்டில் எண்ணெயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சஸ்பென்ஷன் நன்றாகத்தான் இருந்தது.

ஐந்தாறு மாதத்தில் எங்கள் ஷோரூமை மூடினார்கள். நான் ஒரு வாரம் வீட்டில் இருந்து பார்த்தேன். மனைவி நான்காவது நாளே, "ரோட்டத் தாண்டிப் போய்க் கேட்டா என்னவாம்?" என்றாள். தாண்டிப் போய்க் கேட்டேன். அந்தக் கடை மேலாளர் வயதில் சின்னவர். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவங்க வண்டியும் நம்ம வண்டியும் ஒண்ணுதானேன்னு கஸ்டமர் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணுதான்னு சொல்லிப்போடுவனுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "தமாஷாப் பேசறீங்க. நல்லா விப்பீங்க" என்று அன்றைக்கே வேலையில் சேர்த்துக்கொண்டார். நான் தமாஷ் பண்ணவில்லை என்று அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. அரிசி தீர்ந்திருந்தது.

போன வாரம் துடியலூரிலிருந்து ஒரு ரிட்டையர்டு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். என் பழைய கம்பெனியின் வண்டி ஒன்று பழசு விலைக்கு வருகிறதாம். அதை எடுப்பதா, இங்கே புதுசு எடுப்பதா என்று யோசனை.

"ஏனுங்க, அதும் இதும் ஒண்ணுங்களா?"

"ஒண்ணுதானுங்கய்யா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "அடியிலிருந்து கூரை வரைக்கும் ஒண்ணுதானுங்க. மூக்கும் பேரும்தான் வேற. இந்த ஸ்பேர் அதுக்கு அப்படியே சேருமுங்க. நம்பி எதை வேணாலும் எடுங்க."

எத்தனையோ வருடத்தில் நான் சொன்ன நல்ல வார்த்தை அதுதான் என்று தோன்றியது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க எதுத்தாப்புல இருந்தவருதானுங்களே? ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நாங்க அங்க வந்தப்ப, வேற வேறன்னு அரை மணி நேரம் சொன்னீங்க. டி.என்.ஏ.ன்னெல்லாம் சொன்னீங்களே."

"அப்பச் சொன்னது பொய்ங்கய்யா. இப்பச் சொல்றதுதான் நெசம்."

அந்த அம்மாதான் வாத்தியார் கையைத் தொட்டு, என்னைக் காப்பாற்றுகிற மாதிரி, மெதுவாகச் சொன்னார்: "உடுங்க. அவிய பொழப்பு அப்பிடி. நிக்கற கடைக்குத் தகுந்தாப்புலப் பேசோணுமல்ல."

டெஸ்ட் டிரைவ் சாவி எடுத்துவருகிறேன் என்று உள்ளே போனேன். திரும்பி வந்தபோது இரண்டு நாற்காலியும் காலி. நான் கொடுத்த விசிட்டிங் கார்டை மேஜை மேலேயே, பறக்காமல் இருக்கத் தண்ணீர் டம்ளரை அதன் மேல் வைத்து, விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.