சாம்பிராணி காட்டிய போத்தல்கள்

எண்பதுகளில் பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கிலிருந்து தினமும் பெர்ரிப் படகு ஏறி, அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். கண்ணாடிப் போத்தலுக்குள் ஆர்க்கிட் நாற்று வளர்க்கும் இடம் அது. எங்கள் சூப்பர்வைசர் பென்சில் மீசைக்காரர். வெள்ளைக் கோட்டை இஸ்திரி போடுவதில் காட்டிய அக்கறையில் கால்வாசியை மூளைக்குக் காட்டியிருக்கலாம். காலையில் கதவருகே நின்று, பெண்களைத் திரும்பச் சொல்லிக் கொண்டையைப் பார்ப்பார். மல்லிகை இருந்தால் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

"பூவுல கிருமி இருக்குலா. போத்தல்ல பூசணம் பிடிச்சா யாரு பொறுப்பு?"

அதே மனிதர்தான் ஆயுத பூஜையன்று, நாங்கள் போத்தல்களைத் திறந்து நாற்றுகளைப் பிரித்து நட்டுக்கொண்டிருந்த அறைக்குள் சாம்பிராணிப் புகையோடு நுழைந்தார். அப்போதுதான் நாற்று நட்ட ஒரு போத்தலை மூடிகூடப் போடாமல் சாமி படத்தின் முன்னால் வைத்துப் பொட்டிட்டார். தேங்காயையும் அங்கேயே உடைத்தார்.

ஒரே வாரத்தில், அன்று நட்ட போத்தல்களுக்குள் வெள்ளைப் பஞ்சுபோலப் பூசணம் படர்ந்துவிட்டது.

"யாரு பூ வெச்சிக்கிட்டு வந்தது?" என்று கத்தினார்.

"சார், நீங்க காட்டுன சாம்பிராணிதான்," என்றேன்.

"சாமிக்குக் காட்டுறது சுத்தம்மா. அதுல எப்படிக் கிருமி வரும்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் விறுவிறுவென்று போய், பொட்டு வைத்த அந்தப் போத்தலை எடுத்துவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளே நான்கு நாற்றுகள் பச்சைப் பசேலென்று நின்றன. பூசணம் துளிகூட இல்லை.

அந்த மடையரை இன்றுவரை திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த ஒரு போத்தல் நினைவுக்கு வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்.