தண்ணிக்குள்ள முட்டின கை

தம்பி, பேய் பிசாசு எண்டு ஆரும் கதை தொடங்கினா எழும்பிப் போற ஆள் நான். சண்டைக் காலத்தில உயிரோட திரிஞ்ச மனிசருக்குப் பயப்பிடவே எங்களுக்கு நேரம் காணாது, செத்ததுகளுக்கு வேற ஆர் பயப்பிடுற? அதால நீங்க சிரிச்சாலும் எனக்குக் கோவம் வராது. ஆனா இது என்ட கையால நான் தொட்டது.

எங்கட ஊர் செட்டிபாளையத்துப் பக்கம். முன்னுக்குக் கடல், பின்னுக்கு வாவி. வாவிக்கரை முழுக்கக் கண்ணாக் காடு. தண்ணிக்குள்ள வேரை ஊண்டிக்கொண்டு நிக்குமே, அந்த மரந்தான். அந்த வேர் இடுக்குக்குள்ள இறால் கிடக்கும். வலை எறிய ஏலாது, கையாலதான் தடவிப் பிடிக்கணும். நானும் மச்சாள் பூமணியும், அவள் என்ட மனிசன்ட தங்கச்சி, இடுப்பில இறால் போடுற பறியைக் கட்டிக்கொண்டு நெஞ்சளவு தண்ணிக்க இறங்குவம். கலங்கின தண்ணி, ஒண்டும் தெரியாது. வேருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், ஒரே பொந்துக்க ரெண்டு பேர்ட கையும் போய் முட்டும். அப்பிடி முட்டினா எங்கட பொம்பிளையளுக்குள்ள ஒரு வழக்கம், இறாலை முந்திப் பிடிச்சவள் அதை மற்றவள்ட கைக்குள்ள வச்சு விரலை மடக்கி விடணும். பறிச்சா அடுத்த நாள் வாவி ஒண்டும் தராதாம். பூமணி விரலையும் மடக்கிப்போட்டு ஒரு கிள்ளும் கிள்ளுவாள். பொல்லாத குறும்புக்காரி.

ஒரு நாள் விடியக்குள்ள ஆமி ஊரைச் சுத்தி வளைச்சது. நான் காய்ச்சலில படுத்துக் கிடந்தன், அவள் தனியத்தான் இறாலுக்குப் போயிருந்தாள். காட்டுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. அவள் வரல்ல. உடம்பும் கிடைக்கல்ல. அவளைப் பெத்த என்ட மாமி முகாம் முகாமா ஏறி இறங்கினா, எல்லா இடத்திலயும் "இல்ல, போ" எண்டுதான் சொன்னாங்க.

மாமி கிரியை செய்ய விடல்ல. ஒவ்வொரு ராவும் மகளுக்கு ஒரு கோப்பையில சோறு போட்டு மூடி வைப்பா. என்ட மனிசன் வாயைத் திறந்தாப் போதும், "உசிரோட இருக்கிற புள்ளைக்கா தெவசம் குடுக்கச் சொல்றாய்?" எண்டு சன்னதம் ஆடுவா.

மறுகா காட்டை வெட்டச் சொல்லி ஆமிட உத்தரவு வந்தது. இயக்கப் பெடியன்கள் அதுக்குள்ள ஒளிக்கிறாங்களாம். வெட்டினது ஊராக்கள்தான், துவக்குக்கு முன்னால என்னெண்டு மறுக்கிற? மரம் விழ விழ நாங்க பூமணியைத் தேடினம். வேரையும் கிண்டி எடுத்துத் தேடினம். ஒரு காப்புத் துண்டு கூட இல்ல. மாமிக்கு அது சந்தோசம், "பாத்தியா, அவள் இஞ்ச இல்ல" எண்டா. ஆனா காடு போனதோட எங்கட சீவியமும் போச்சு. கொக்குக்கு இருக்கக் கொப்பில்ல, மாரியில கரை இடிஞ்சு இடிஞ்சு விழுந்தது, கிணத்துத் தண்ணி உப்புக் கரிச்சது, இறால் எண்ட சாமானே இல்ல.

அந்த மாரியில ஒரு பின்னேரம், மழை விட்டிருந்தது. வீட்டில கறிக்கு ஒண்டுமில்ல. மனம் கேக்காமப் பறியைக் கட்டிக்கொண்டு இறங்கினன். கரையில ஆமிட காவலரணில நிண்டவன் என்னைப் பாத்துக்கொண்டுதான் நிண்டான். வெறும் தண்ணி தம்பி, கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு குச்சி கூட இல்ல. குனிஞ்சு தடவினன். நம்பினா நம்புங்க, கையில வேர் தட்டுப்பட்டது. ஒண்டு ரெண்டில்ல, முந்தி எப்பிடிப் பின்னிக்கொண்டு கிடந்ததோ அப்பிடியே. நான் என்ட கையால கிண்டி எறிஞ்ச இடம் அது. உள்ளுக்குக் கையை விட்டன். அங்கால இருந்து ஒரு கை வந்து முட்டினது.

அந்தக் கை என்ட உள்ளங்கையில ஒரு இறாலை வச்சது. துடிக்குது இறால். விரலை ஒவ்வொண்டா மடக்கினது. மறுகா ஒரு கிள்ளு.

"பூமணி!" எண்டு கத்திக்கொண்டு எட்டிப் பிடிச்சன், வழுக்கிக்கொண்டு போயிற்று. முங்கிப் பாத்தன். சேறு மட்டுந்தான், வேரும் இல்ல, ஒண்டும் இல்ல. காவலரணில நிண்டவன் விசில் ஊதினான், அழுது அழுது கரை ஏறினன்.

ஈரச் சீலையோட போய் மாமியிட்டச் சொன்னன். கேட்டுக்கொண்டே இருந்தவ, ஒண்டே ஒண்டுதான் கேட்டா.

"கை சூடா புள்ள, குளிரா?"

மாரித் தண்ணி, என்ட விரலெல்லாம் விறைச்சுப் போய்க் கிடந்தது. ஆனா அந்தக் கை சூடு. அடுப்படியால எழும்பி வந்தவள்ட கை மாதிரிச் சூடு. உள்ளதைச் சொன்னன். மாமி என்ட கையைப் பிடிச்சுக் கொஞ்சினா. அதுக்குப் பிறகு சாகும்வரைக்கும் மகள் வருவாள் எண்டுதான் இருந்தா. "குளிர் எண்டு சொல்லியிருந்தா அம்மா ஒருக்கா அழுது ஆறியிருப்பா" எண்டு என்ட மனிசன் இப்பவும் சொல்லுவார். நான் எப்பிடிப் பொய் சொல்லுவன்?

இப்ப ஆக்கள் வந்து அந்தக் கரையில கண்ணாக் கண்டு நடுறாங்க. கூலிக்கு நானும் போறனான். சேத்துக்க கையை விட்டுக் கண்டை ஊண்டணும். எல்லா இடத்திலயும் ஊண்டுவன், அந்த இடம் வந்தா மட்டும் கண்டைப் பக்கத்தில நிக்கிறவளிட்டக் குடுத்துட்டு மற்றப் பக்கம் கிறுகிப் போயிருவன். பேய்க்குப் பயந்தில்ல தம்பி. திரும்ப ஒரு நாள் அந்தக் கை வந்து முட்டி, அது குளிர்ந்து போய்க் கிடந்தா, நான் என்ன செய்யிற?