தூசியோடு போன பொட்டு

ஜெயந்தினிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. குவைத், சைப்பிரஸ், மாலைதீவு என்று எட்டு வருடம் சுற்றிவிட்டு வந்தவள், கினிகத்தேனையில் ஹலீமின் அச்சுக் கடையில் ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்து நாலு மாதமாகிறது. மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். வளைவில் கொழும்பு பஸ் ஹார்ன் அடித்தால் கழுத்து தானாகத் திரும்பும்.

"ஒங்கள உட்டுட்டுப் போற பஸ்தான் மகள் அது. வேலையப் பாருங்க," என்பார் ஹலீம்.

அன்று காலை பத்தரைக்கு ராக்காயி வந்தாள். பொல்பிட்டியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். தங்கை மீனம்மா முந்தின நாள் இறந்துபோயிருந்தாள். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். லயத்து வீட்டு வாசலில் கட்ட, அவள் படம் போட்டு ஒரு அஞ்சலிப் பெனர் வேண்டும். ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். கையில் இருந்தது ஒரேயொரு பாஸ்போர்ட் அளவுப் படம். பூஞ்சணம் பிடித்து முகமெல்லாம் புள்ளி.

ஜெயந்தினி ஸ்கேனர் கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை. அதற்கெல்லாம் பொறுமை ஏது? 'தூசி நீக்கு' என்று ஸ்கேனரிலேயே ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டி, அளவை உச்சத்தில் வைத்து, வெளிச்சத்தையும் கொஞ்சம் கூட்டினாள். பூஞ்சணம் போன இடம் தெரியவில்லை. பளிங்குபோல் முகம். பெனரை அச்சடித்தும் விட்டாள்.

ராக்காயி விரித்துப் பார்த்தாள். பிறகு படத்தின் நெற்றியில் விரலை வைத்தாள்.

"பொட்டு எங்க புள்ள?"

ஜெயந்தினி குனிந்து பார்த்தாள். பொட்டு இல்லை. மூக்குத்தியும் இல்லை. இயந்திரத்துக்கு அவையும் தூசிதான்.

"எந் தங்கச்சி புருசன் உசிரோட இருக்கான். வாசல்ல ஒக்காந்து அழுதுகிட்டு இருக்கான். இதக் கட்டுனா அந்த மனுசன் எங்க போயி நிப்பான்?"

"நான் ஒரு பொட்டு வரைஞ்சி தரவா அக்கா?"

"நீ வைக்கிறது எதுக்கு? அவ வச்சது படத்துல இருக்கே."

மணி பதினொன்றேகால். இம்முறை ஜெயந்தினி கண்ணாடியைத் துடைத்தாள். படத்தை மெல்லிய துணியால் ஒற்றினாள். தூசி நீக்கலை நிறுத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, நுணுக்கத்தை அறுநூறுக்கு ஏற்றினாள். பொட்டு வந்தது, மூக்குத்தி மினுங்கியது, அத்தனை புள்ளிகளும் கூடவே வந்தன. இனி ஒவ்வொன்றாகக் கையால் எடுப்பதுதான் வழி. ராக்காயி ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது தூசியா அக்கா?"

"தூசி. எடு."

"இது?"

"அத விடு. அம்மை வடு. எனக்கும் அதே வருசந்தான் போட்டிச்சு."

"இந்தக் கோடு?"

"அட்டை கடிச்சதுன்னு ஊரெல்லாம் சொல்லுவா. பொய்யி. நான் கிள்ளுனது."

ஜெயந்தினியின் கால் ஆடியது. மேசை ஆடி, திரையும் ஆடியது.

"காலச் சும்மா வையி புள்ள. அவ மூஞ்சி நடுங்குது."

கால் நின்றது.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் புதுப் பெனர் வந்தது. கன்னத்தில் இரண்டு பூஞ்சணப் புள்ளிகள் தங்கிவிட்டிருந்தன. ராக்காயி பொட்டைப் பார்த்தாள், மூக்குத்தியைப் பார்த்தாள்.

"இருக்கட்டும். இதான் அவ," என்று சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஹலீம் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. இந்த நாலு மாதத்தில் எத்தனை பேர் முகத்தில் அந்தக் கட்டளையைத் தட்டியிருப்பாள்? வளைவில் கொழும்பு பஸ் ஹார்ன் அடித்தது. ஜெயந்தினி திரும்பவில்லை. தான் செய்து கொடுத்த பழைய படங்களைத் திறந்து, முதலாவதில் நெற்றியைப் பெரிதாக்கினாள். மேசைக்கடியில் கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது.