ஊதாக் கோடு

எட்டு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. தாத்தாவின் கழுத்திலிருந்த கோடுகளைக் காவல் காப்பது.

அம்மாவின் அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். பதுளை ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ஐந்து நாள் கரண்ட் வைத்தார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கதிர்வீச்சுக்கு அதுதான் பெயர். எந்த இடத்தில் வைப்பது என்று தெரிய, கழுத்தில் ஊதா மையால் இரண்டு கோடு, நடுவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி. "கோடு அழிஞ்சா கரண்ட் இல்ல, பாத்துக்கடி" என்று அம்மா என்னிடம் ஒப்படைத்திருந்தாள். தினமும் மாலையில் பார்த்து, கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சரி போடுவேன். சும்மா சொல்லக்கூடாது, நான் அம்மாவைவிடக் கறார்.

வைத்தியம் இலவசம்தான். ஆனால் எங்கள் நமுனுகுலையிலிருந்து தினமும் பஸ் செலவு. தாத்தாவைத் தனியாக அனுப்ப முடியாது. அம்மா கூடப் போனால் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் கிடையாது. இதெல்லாம் எனக்கு அப்போது எங்கே தெரியும். சாயங்காலம் மூடுபனிக்குள்ளிருந்து முதலில் அம்மாவின் குடை வரும், பிறகு அம்மா வருவாள், பிறகு தாத்தா வருவார். அவர்கள் தினமும் பனிக்குள் எங்கேயோ உல்லாசமாகப் போய்வருவதாக எனக்குப் பொறாமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பண்டாரவளைக்குப் போய்த் திரும்பியபோது காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இரண்டு ஈர்க்குச்சி செருகியிருந்தாள். தோடு அடகுக்கடையில் இருந்தது. நானோ இது ஏதோ புதுத் தினுசு என்று நினைத்து, விளக்குமாற்றில் ஒன்றை உருவி, இரண்டாக ஒடித்து, என் காதிலும் செருகிக்கொண்டேன். வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த தாத்தாவிடம் ஓடினேன்.

"தாத்தா, அம்மா மாதிரியே நானும் போட்டிருக்கேன். நல்லா இருக்கா?"

என் காதைப் பார்த்தார். அடுப்படியில் குனிந்திருந்த அம்மாவின் காதைப் பார்த்தார். சோப்பை எடுத்துக்கொண்டு, லயத்துக்கே தண்ணீர் கொட்டும் பீலிக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். மலைத்தண்ணீரில் தலையைக் கொடுத்து, கழுத்தைத் தேய் தேய் என்று தேய்த்தார். ஊதாத் தண்ணீர் நெஞ்சில் வழிந்தது. நான் அலறிவிட்டேன்.

"போனா போகுதுடி. போனது போதும், நாளையில இருந்து தாத்தா போகல. அம்மாகிட்ட சொல்லாத."

தாத்தாவின் உயிர் என் கணக்கிலேயே இல்லை. உதை விழப்போவது என் முதுகில். அப்போதுதான் சித்திரப் பாடத்துக்கு வாங்கிய ஊதாப் பேனா ஞாபகம் வந்தது.

மத்தியானம் அவர் வாசலில் சாக்கை விரித்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பனி இறங்கி எதிர்மலையும் தேயிலையும் பக்கத்து லயமும் காணாமல்போய், உலகத்தில் அந்தக் கழுத்து மட்டும் மிச்சமிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் கோட்டை இழுத்தேன். பேனாவுக்கடியில் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. இரண்டாவது கோடு. பிறகு புள்ளடி. கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து அவர் காதுக்குள் போனது. பனி என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்தார். திட்டுவார் என்று பார்த்தால், என் காதிலிருந்த ஈர்க்குச்சிகளை ஒவ்வொன்றாக உருவித் தூர எறிந்தார்.

"சரிடி. போறேன்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ் ஒருவர் என் கோணல் கோட்டைப் பார்த்துச் சிரித்து, துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வைத்தாராம். யார் வேலை இது என்றதற்கு, "எங்க வீட்டு டாக்டர்" என்றாராம் தாத்தா. அதன்பிறகு கரண்ட் முடியும்வரை ஒருநாள்கூடத் தவறவில்லை. இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க நான் தாத்தாவோடு பேசவில்லை. நான் அம்மா மாதிரி ஆவது இந்த மனுசனுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று எனக்கு அப்படியொரு கோபம்.