வளையல் இறுகிய கை

வளைகாப்பு அன்று எனக்குப் பதினைந்து வயது. அம்மா இல்லாத பெண் என்பதால் பிரசவமும் ஒக்கலிபுரத்தில் மாமியார் வீட்டிலேயே என்று முடிவாகியிருந்தது. சிவாஜிநகரில் வாங்கிய கண்ணாடி வளையல்களை மாமியார் சோப்பு போட்டு என் கைகளில் ஏற்றினார். பிள்ளை பிறக்கும்வரை அவற்றைக் கழற்றக் கூடாது, உடைக்கவே கூடாது. எங்கள் வழக்கம் அப்படி.

கொஞ்ச நாளில் கை வீங்கி, வளையல் சதைக்குள் புதைந்தது. முகமும் உப்பியது. "பூசினாப்ல ஆயிட்டா பாரு, நம்ம வீட்டு சாப்பாடு அப்படி" என்று மாமியார் பக்கத்து வீட்டில் பெருமையடித்துக்கொண்டார். சாப்பாடாம்! எனக்கோ மண்டையைப் பிளக்கும் தலைவலி. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. "புள்ளத்தாச்சின்னா எல்லாந்தான் இருக்கும்" என்றார்.

ஒரு நாள் காலையில் எதிரில் நின்ற என் வீட்டுக்காரரே எனக்கு மங்கலாகத் தெரிந்தார். அவர் பயந்துபோய், தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "இப்பவே பெட்ல சேருங்க. வலிப்பு வரும்போல இருக்கு. சிஸ்டர், வளையலை எல்லாம் உடைச்சிடுங்க" என்றார்.

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப உடைச்சா குடும்பத்துக்கு ஆகாதும்மா. பிரசவத்துக்குக் கூட்டிட்டு வர்றோம்."

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே வலிப்பு வந்தது. அது எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். கையில் வளையல் இல்லை, வயிறும் இல்லை. ஆண் பிள்ளையாம், பிறக்கும்போதே உயிர் இல்லையாம். எனக்கு அழுகை வரவில்லை. யார் வீட்டுச் செய்தியோ போல் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

என் கட்டிலருகே நின்று டாக்டரம்மா அவர்கள் இருவரிடமும் சொன்னார்: "இவளே ஒரு குழந்தை. இன்னும் மூணு வருஷத்துக்குப் பிள்ளை கூடாது. மறுபடியும் இப்படி ஆச்சுன்னா உயிருக்கு நான் பொறுப்பில்ல."

"சரிங்க டாக்டர்" என்றார் வீட்டுக்காரர். மாமியாரும் தலையாட்டினார்.

மறு வருஷம் மாம்பழக் காலத்தில் எனக்கு வாந்தி எடுத்தது. மாமியார் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து என் நெற்றியில் குங்குமம் வைத்தார். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்பினார். எனக்குப் பயமாகக்கூட இல்லை. வாயைக் கழுவிக்கொண்டு போய் உலையில் அரிசியைப் போட்டேன்.