ஏழுமலைக்குப் பிடித்த இடம்

கோடை வந்தால் ஞாயிறுதோறும் நானும் ஏழுமலையும் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறி, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நுங்கு தின்னப் போவோம். வாரம் முழுக்கக் கம்பெனித் தோட்டத்தில் ஒன்றாகப் புல் வெட்டுகிற எங்களுக்கு அதுதான் ஊட்டி.

பஸ் போர்டை அவன்தான் படித்துச் சொல்வான். இந்த வருடம்தான் நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இன்று நானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன்! அந்தச் சந்தோஷத்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு, பழக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் பிடித்துவிட்டேன்.

கம்பெனி யூனிஃபார்மில் ஒரு பெண் வந்து நின்றாள். "இன்னா தாத்தா, ஆளு வருதா?"

"டீ குடிச்சிகினு கீறான், வந்துருவான்" என்றது என் வாய்.

பஸ் கிளம்பியது. கண்டக்டர் கத்தினார்: "யோவ் பெருசு, துண்டுக்கும் ஒரு டிக்கெட் கிழிக்கட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்தேன்.

அந்தப் பெண் உட்கார்ந்தாள். "பாவம், உன் கூட்டாளிய வுட்டுட்டு வந்துட்டியே."

"அவன் செத்து, பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிட்ச்சும்மா."

சட்டென்று எழுந்துவிட்டாள். "வேணாம் தாத்தா, அது அவரு எடம்."

"உக்காரும்மா" என்று நானும் எழுந்தேன். அவள் கேட்கவில்லை. காலி சீட்டைப் பார்த்தபடி இருவரும் நின்றுகொண்டே போனோம்.

தண்டலத்தில் ஏறிய ஒருவர் அதில் உட்கார்ந்து உடனே குறட்டை விட்டார். ஏழுமலையும் இப்படித்தான். செம்பரம்பாக்கம் வந்ததும் என் கை அவர் தோளைத் தட்டி எழுப்பிவிட்டது.

"நான் பூந்தமல்லி போறேன்யா!" என்று திட்டினார்.

ஏரிக்கரைக்குப் போனேன். தனியாக உட்கார்ந்து நுங்கு தின்றேன்.

அடுத்த ஞாயிறு யாராவது கூட வருகிறீர்களா? பஸ்ஸில் நன்றாகத் தூங்குகிற ஆளாக இருந்தால் நல்லது.